பத்துப் பேர் பார்த்த படம்

பத்துப் பேர் சேர்ந்தால்தான் படம் போடுவோம் என்றார் டிக்கெட் கொடுப்பவர். நாங்கள் ஏழு பேர் நின்றுகொண்டிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றரை மணிக் காட்சி. படம் வெளியாகி மூன்றாவது நாள். புதுக்கோட்டையில் அந்தப் படத்துக்கு ஒரு நாளைக்கு ஒரே காட்சிதான். அதற்கும் தலை எண்ணுகிறார்கள். பக்கத்துத் திரையில் பெரிய நடிகரின் படம் ஐந்து காட்சி ஓடியது. அதற்கு வந்தவர்கள் எங்களைத் தாண்டிப் போகும்போது, ஏதோ இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று வரிசையில் நிற்பவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"ஏழு பேருக்கு ஒரு படம் ஓட்டுனா கரண்டு பில்லுக்கே ஆகாதுங்க. பன்னெண்டு மணி வரைக்கும் பாப்போம். இல்லேன்னா காசத் திருப்பிக் குடுத்துருவோம்" என்றார்.

நான் அப்போதே வீட்டுக்குத் திரும்பியிருப்பேன். என்னை இழுத்துக்கொண்டு வந்தவள் விடவில்லை. அவள் என் அலுவலகத் தோழி. நான் புதுக்கோட்டையில் ஒரு தபால் அலுவலகத்தில் கவுன்ட்டரில் உட்காருகிறவள். அவள் அடுத்த கவுன்ட்டர். விராலிமலையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். வெளியாகிற படங்களையெல்லாம் தன் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் மாதிரி நினைத்துக்கொண்டு போகிறவள். இந்தப் படத்தைப் பற்றியும் அவள்தான் சொன்னாள்.

"அக்கா, ஒங்க கடக்கரப் பக்கம் எடுத்த படமாம்க்கா. எல்லாம் புதுமுகம். முழுக்கக் காமெடியாம். ஒரு பாய் வீட்டுக் கதையாம்."

"பாய் வீட்டுக் கதைன்னா நான் வரலம்மா" என்றேன்.

அப்படிச் சொன்னதற்கு எனக்குக் காரணம் இருந்தது. நான் கோட்டைப்பட்டினத்தில் பிறந்தவள். அத்தா பல வருடம் சவூதியில் லாரி ஓட்டினார். பள்ளிக்கூடம் ஊரில், கல்லூரி புதுக்கோட்டையில். விடுதியில் ஒரே அறையில் ஐந்து பேர் இருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து, பாய்கள் குண்டு வைக்கிற ஒரு படத்துக்குப் போய்விட்டு வந்தோம். அன்று பக்கத்துக் கட்டில்காரி என்னிடம் மிகவும் அக்கறையாகக் கேட்டாள்: "ஒங்க ஊர்லயும் அந்த மாதிரி ஆளுங்க இருப்பாங்களாடி? ஒனக்குப் பயமா இருக்காதா?" அவள் கெட்டவள் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வாங்கிக்கொண்டு வந்தவள் அவள்தான். அதனால்தான் அந்தக் கேள்வி இத்தனை வருடமாகியும் எனக்குள் கிடக்கிறது. எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்து நாங்கள் எல்லோரும் பயந்த ஒரே ஆள் கணக்கு டீச்சர்தான்.

பிறகு நல்ல பாய்களின் படங்கள் வந்தன. நாயகனின் நண்பனாக ஒரு பாய் வருவான். எல்லோருக்கும் பிரியாணி போடுவான். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் நாயகனுக்குப் பதிலாகக் கத்திக்குத்து வாங்கிச் செத்துப்போவான். அவன் செத்தால்தான் நாயகனுக்குக் கோபம் வரும். தியேட்டரில் பக்கத்தில் இருப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், நல்ல மனுசன்" என்பார்கள். அதைக் கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாகாமல் நல்ல மனிதனாக இருக்க அவனுக்கு வழியே இல்லையா?

கவுன்ட்டரில் ஒருமுறை ஒரு பெரியவர் என் மேஜைமேல் இருந்த பெயர்ப் பலகையைப் படித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "தமிழ் ரொம்ப நல்லாப் பேசுறீங்களே" என்று பாராட்டினார். என் அம்மா என்னைத் திட்டுகிற மொழி, நான் கணக்குப் போடுகிற மொழி, கனவு காண்கிற மொழி. அதை நன்றாகப் பேசுகிறேன் என்று எனக்கு ஒரு பாராட்டு. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு "நன்றிங்க ஐயா" என்றேன். அந்த நன்றியை நினைத்து அன்று முழுவதும் என்மேல் எனக்கே கோபம்.

ஆகவே சினிமாவில் எங்கள் வீடு வருகிறது என்றால் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன். திரையில் நாங்கள் கொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சாக வேண்டும். கைலி தடுக்கி விழுவதற்கும், மாமியாரிடம் புளுகி மாட்டிக்கொள்வதற்கும் யாரும் எங்களுக்கு வேடம் கொடுத்ததில்லை.

"அக்கா, ஒரு தடவ வாங்க. பிடிக்கலேன்னா பாதியில எந்திருச்சு வந்துருவோம்" என்று அவள் ஒரு வாரமாக நச்சரித்தாள். சரி என்று போன இடத்தில்தான் இந்தப் பத்துப் பேர் கணக்கு.

மீதி மூன்று டிக்கெட்டையும் நானே வாங்கினேன். வீம்புதான், வேறொன்றுமில்லை. எங்களை அங்கே நிறுத்திவைத்த விதம் எனக்குப் பொறுக்கவில்லை. தோழிக்கு டிக்கெட் சும்மா போவது பொறுக்கவில்லை. விறுவிறு என்று வெளியே போனாள். பஸ் நிறுத்தத்தில் ஜவுளிப் பையோடு நின்ற இரண்டு பெண்களையும், சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கிழிக்கிறவரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஸ்டாண்டுக்காரர், "வண்டிய எவனாவது தூக்கிட்டுப் போனா நீங்கதான் பதில் சொல்லணும்" என்று சொல்லிக்கொண்டே வந்து கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

படம் இதுதான். வளைகுடாவிலிருந்து ஒருவன் ஊருக்கு வருகிறான். நீலக் கயிறு சுற்றிய பெரிய அட்டைப்பெட்டி ஒன்று அவனோடு வருகிறது. வீட்டார் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பெட்டியைப் பிரிக்கிறார்கள். உள்ளே பழைய கம்பளிகளும், ஒரு குக்கரும், ஒரு கால் செருப்பும் இருக்கின்றன. திருச்சி விமான நிலையத்தில் பெட்டி மாறிவிட்டது. எல்லோரும் அந்த ஒற்றைச் செருப்பையே பார்க்கிறார்கள். அவனுடைய அம்மா எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து சொல்கிறாள்: "யாரும் அழுவாதீங்க. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

நான் சிரித்தேன். அரங்கம் காலியாக இருந்ததால் என் சிரிப்பு சுவரில் மோதி எனக்கே திரும்பி வந்தது. தோழி திரும்பி என்னைப் பார்த்தாள்.

சிக்கல் என்னவென்றால், அவன் மனைவி ஏற்கெனவே தெரு முழுக்க வாக்குக் கொடுத்து வைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரிக்கு சென்ட், மீன்காரம்மாவுக்குத் தைலம், பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கு டார்ச் லைட். பெட்டி மாறிய விஷயம் வெளியே தெரிந்தால் மானம் போய்விடும். அதனால் அம்மா, மகன், மருமகள் மூவரும் யாருக்கும் தெரியாமல் புதுக்கோட்டைக்கு வந்து, கீழ ராஜ வீதியில் அலைந்து எல்லாவற்றையும் வாங்குகிறார்கள். வீட்டுக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, விலை ஒட்டிய தாளையெல்லாம் காய் நறுக்கும் கத்தியால் சுரண்டுகிறார்கள். டார்ச் லைட் பெட்டிக்குள் தமிழில் அச்சடித்த ஒரு தாள் இருக்கிறது. அதை ஹஜ்ரத் எடுத்துப் படித்துவிட்டு நிமிர்கிறார். அம்மா கண் சிமிட்டாமல் சொல்கிறாள்: "இப்ப அங்கிட்டும் தமிழ்லதான் அடிக்கிறாங்களாம் ஹஜ்ரத்."

பின்வரிசையிலிருந்து ஸ்டாண்டுக்காரர் "ஹோய்" என்று கத்தினார். வண்டிகளை அவர் மறந்து வெகு நேரமாகியிருந்தது.

படத்தில் குறைகள் இருந்தன. ஒரு சண்டைக் காட்சியில் மைக்கின் நிழல் சுவரில் ஆடியது. ஒரே ஆடு இரண்டு வெவ்வேறு தெருவில் நின்றது. சந்தைக் காட்சியில் ஒரு பெண் நடிப்பதை விட்டுவிட்டுக் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடித்தவர்களில் பாதிப் பேர் மீன் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் மாதிரி இருந்தார்கள். ஒருவேளை உண்மையிலேயே அப்படித்தானோ என்னவோ. எனக்கு அதெல்லாம் ஒரு குறையாகவே படவில்லை. அவர்கள் பேசியது எங்கள் பேச்சு. சினிமா பாய்கள் பேசுகிற "நம்பள்கி, நிம்பள்கி" இல்லை. சண்டை உச்சத்தில் இருக்கும்போது பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறார்கள். மகன் எழுந்து கைகால் முகம் கழுவித் தொழுதுவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்கிறான். அதற்குப் பின்னணி இசை கிடையாது. விளக்கம் கிடையாது. யாரும் நாட்டுப்பற்றை நிரூபிக்கவில்லை. யாரும் யாருக்காகவும் சாகவில்லை.

ஒரு காட்சியை மட்டும் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரிக்குச் சென்ட் கொடுக்கிறார்கள். அவள் மோந்து பார்க்கிறாள். முகம் ஒரு கணம் மாறுகிறது. "ஃபாரின் ஃபாரின்தான்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறாள். அவள் வீட்டு அலமாரியில் அதே சென்ட், அதே குப்பி, பாதி தீர்ந்த நிலையில் இருக்கிறது. அவள் அதை எடுத்து அரிசி டின்னுக்குள் ஒளித்து வைக்கிறாள். அவ்வளவுதான் காட்சி. ஜவுளிப் பையோடு வந்த பெண்களில் ஒருத்தி இருட்டில் "நல்ல பொம்பள" என்றாள்.

வெளியே வந்தபோது எனக்குக் கன்னம் வலித்தது. தோழி, தான் சமைத்ததை அடுத்தவர் சாப்பிட்டு முடித்ததைப் பார்ப்பவள்போல் என்னைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

திருக்கோகர்ணத்தில் வீட்டுக்குப் போனதும் அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா என் தம்பியோடு கோட்டைப்பட்டினத்தில் இருக்கிறார். தியேட்டருக்குப் போய் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இருக்கும். "ஒரு படம் காட்டுறேன், வாங்க" என்றேன். "எனக்கு எதுக்குடி படம்? கால் வலிக்கிது" என்றார். விடாமல் கெஞ்சி, புதன்கிழமை வரச் சொன்னேன். தியேட்டருக்குப் போன் செய்து கேட்டேன். வியாழன் வரைக்கும் இருக்கும் என்றார்கள். அலுவலகத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். செல்போனிலேயே இரண்டு டிக்கெட் எடுத்தேன்.

அம்மா அறந்தாங்கியில் பஸ் மாறி, மூன்று மணி நேரம் பயணம் செய்து வந்தார். வெளுத்து மடித்த வெள்ளைத் துப்பட்டி, முழங்காலில் வலிக்குக் கட்டிய பட்டை. ஆட்டோவில் கூட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போனேன். வாசலில் எங்கள் படத்தின் போஸ்டர் இருந்த இடத்தில் வேறு போஸ்டர். பழைய படம் ஒன்று. நான் கல்லூரியில் படிக்கும்போது வந்தது. அதை மறுபடி வெளியிட்டிருந்தார்கள். பிறந்து ஆறு நாளான படத்தை எடுத்துவிட்டு, இருபத்தேழு வருடப் படத்தைப் போட்டிருக்கிறார்கள்.

மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்று நின்றேன். வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். அந்த மரியாதை இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"அது எடுத்தாச்சுங்க மேடம். ஆளே வரலைங்க."

"நான் டிக்கெட் எடுத்துருக்கேன். போன்ல பாருங்க."

"பணம் ஏழு நாள்ல தானா திரும்பி வந்துரும்ங்க."

"நான் பணம் கேக்கலைங்க. படம் கேக்குறேன். பத்துப் பேருதானே வேணும்? பத்துப் பேரக் கூட்டிட்டு வாரேன்."

"நாளைக்கு வேணா பாப்போம்ங்க."

"நாளைக்கு இருக்குமா?"

"இருக்காதுங்க."

"அப்ப நாளைக்கு எதைங்க பாக்குறது?"

அவர் சட்டைப் பொத்தானைத் திருகினார். பிறகு குரலைத் தாழ்த்தி, எனக்கு ஏதோ உதவி செய்வதுபோல் சொன்னார்: "நான் என்னங்க பண்றது? ஒங்க ஆளுங்களே வரலியே மேடம்."

"என் ஆளுங்கன்னா யாருங்க? தபால் ஆபீஸ்காரங்களா?"

"இல்லங்க, நான் அப்படிச் சொல்லல…"

"எப்படிச் சொன்னீங்க? ஞாயித்துக்கெழம அந்தப் படத்தப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சது ஒங்க சைக்கிள் ஸ்டாண்டுக்காரரு. அவரு யாரு ஆளு? போயி அவருகிட்டக் கேளுங்க. ஓடுற படத்துக்கெல்லாம் ஆள் சாதி மதம் பாத்தா டிக்கெட் கிழிக்கிறீங்க?"

என் குரல் நானே கேட்டிராத உயரத்துக்குப் போயிருந்தது. பழைய படத்துக்கு வந்திருந்த இளைஞர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவன் செல்போனைத் தூக்கினான். அம்மா படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "ஏண்டி, எல்லாரும் பாக்குறாங்க. வா, எங்கிட்டாவது போயி டீ குடிப்போம்" என்றார். நான் போனேன். தோற்றுப்போய்த்தான் போனேன்.

ஓட்டலில் உட்கார்ந்து அம்மாவுக்கு அந்தப் படத்தைக் கதையாகச் சொன்னேன். பெட்டி மாறியது, செருப்பு, ஜன்னலைச் சாத்தியது எல்லாம். சொல்லும்போதே தெரிந்தது, ஒன்றும் சரியாக வரவில்லை. சிரிப்பு அந்த முகங்களில் இருந்தது. என் வாயில் வெறும் சம்பவம்தான் இருந்தது. அம்மா தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டுவிட்டு, "பெட்டி தொலஞ்சுபோச்சு, பாவம். இதுல சிரிக்க என்னடி இருக்கு?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அத்தோடு முடியவில்லை. ஊருக்குத் திரும்பிய அம்மா, நான் தியேட்டரில் போட்ட சண்டையைத் தன் தம்பியிடம் சொல்லியிருக்கிறார். மாமா ஊரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். ஊர்க்காரர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் காலையிலிருந்து இரவுவரை இருப்பவர். வெள்ளிக்கிழமை மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்.

"இந்தா பாரும்மா, அந்தப் படத்துக்கா நீ போயி சண்ட போட்டே? நம்மளக் கேலி பண்ணி எடுத்துருக்கானுங்க. குரூப்ல எல்லாரும் கொதிச்சுப்போயிக் கெடக்கோம். கலெக்டர்கிட்ட மனுக் குடுக்கப் போறோம், தடை பண்ணச் சொல்லி."

"படம் பாத்தீங்களா மாமா?"

"பாக்கணுமா என்ன? போஸ்டர்லயே தெரியுதே. தொப்பி கீழ கெடக்கு, ஒருத்தன் அட்டப்பெட்டிக்குள்ள தலகுப்புறக் கெடக்கான், காலு ரெண்டும் மேல நீட்டிக்கிட்டு. இதான் நம்ம லெச்சணமா?"

"தடை பண்ண என்ன மாமா இருக்கு? அதான் தியேட்டர்காரங்களே எடுத்துட்டாங்களே. நீங்க சிரமப்பட வேணாம்."

"எடுத்துட்டானா? அல்ஹம்துலில்லாஹ்."

அந்தச் சொல்லை அவர் சொன்ன இடத்தில் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. ஒரு பக்கம், நாங்கள் வரவில்லை என்று சொல்லிப் படத்தை எடுக்கிறான் ஒருவன். இன்னொரு பக்கம், எடுத்ததற்கு நன்றி சொல்கிறார் என் சொந்த மாமா. நடுவில் அந்தப் படத்தை எடுத்த, எனக்கு யாரென்றே தெரியாத பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து என்ன நினைத்துக்கொண்டிருப்பார்கள்?

"மாமா, நம்மளக் குண்டு வைக்கிறவனாக் காட்டுனானுங்க. அப்ப நீங்க ஊர்வலம் போனீங்க. சரிதான். நானா இருந்தாலும் போயிருப்பேன். இது அது இல்ல மாமா. இதுல நம்ம வீட்டுல பேசுறத, பொய் சொல்றத, சண்ட போடுறதக் காட்டிருக்காங்க. மத்தவங்க வீட்டுல நடக்கலாம், நம்ம வீட்டுல நடக்கக் கூடாதா? நாம மட்டும் எப்பவும் வெரப்பா நின்னுக்கிட்டே இருக்கணுமா?"

மாமா பிறகு வேறு குரலில் சொன்னார்: "ஒனக்கென்னம்மா, ஆபீஸ்ல ஒக்காந்துருக்கே. ஒனக்குச் சிரிக்க எடம் இருக்கு. நான் தாடியோட, தொப்பியோட பஸ்ஸுல ஏறுனா பக்கத்து சீட்டு எத்தன நேரம் காலியாக் கெடக்குன்னு ஒனக்குத் தெரியாது. நம்மளப் பாத்து எவனாவது சிரிச்சா, கூடச் சேந்து சிரிக்கிறானா, நம்மளத்தான் சிரிக்கிறானான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

 கோபம் போகவில்லை. ஆனால் அவரை எதிரில் நிறுத்தி வைத்து வளர்க்க முடியாத கோபமாக அது ஆகிவிட்டது. "படத்தப் பாத்துட்டுச் சொல்லுங்க மாமா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன். மனு கொடுக்கவில்லை. எடுத்துவிட்ட படத்துக்கு எதிராக மனு கொடுத்தால் கலெக்டர் ஆபீசில் சிரிப்பார்கள் என்று யாரோ குழுவில் எழுதினார்களாம்.

நாலு மாதம் கழித்து அந்தப் படம் செல்போனில் பார்க்கிற மாதிரி வந்தது. அந்த வாரமே ஊருக்குப் போனேன். தம்பி வீட்டு டிவியில் செல்போனை இணைத்துக் கொடுத்தான். மத்தியானம் சாப்பிட்டு முடித்து அம்மா கட்டிலில் உட்கார்ந்தார். கடை அடைத்துவிட்டு மாமாவும் சாப்பிட வந்திருந்தார். நான் அவரை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. அவர் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டு, படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். காது மட்டும் எங்களோடு இருந்தது.

ஜன்னலைச் சாத்துகிற இடம் வந்தது. அம்மா சிரிக்கவில்லை. உன்னிப்பாகப் பார்த்தார். விலைத் தாளைச் சுரண்டுகிற இடத்தில், "கத்தியால சுரண்டுனா கோடு விழும்டி. கொதிக்கிற தண்ணி ஆவியில காட்டி எடுக்கணும்" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"நிப்பாட்டு" என்றார் அம்மா. நிறுத்தினேன்.

"ஒங்க அத்தா ரெண்டாவது தடவ வந்தாகல்ல, அப்ப பெட்டில ஒண்ணுமில்ல. கம்பெனிக்காரன் ஆறு மாசம் சம்பளம் குடுக்கல. ரெண்டு கைலியும் ஒரு போர்வையும்தான். வெளிய சொல்ல முடியுமா? எல்லாரும் வந்து வந்து பாத்துட்டுப் போறாங்க. ராவோட ராவா யோசிச்சு, மறுநாளு புதுக்கோட்டையில சோப்பும் தைலமும் வாங்கியாரச் சொல்லி, தாளப் பூராம் ஆவியில காட்டி எடுத்தேன்."

"யார வாங்கியாரச் சொன்னீங்க?"

அம்மா வாசல் பக்கம் பார்த்தார். மாமா முதுகைத் திருப்பாமலே சொன்னார்: "நாந்தான். பஸ்ஸுல ரெண்டு பையத் தூக்கிக்கிட்டு வந்தேன். தெரிஞ்சவன் எவனும் ஏறிறக் கூடாதுன்னு அறந்தாங்கி வரைக்கும் ஓதிக்கிட்டே வந்தேன்."

அந்தச் சோப்பை நான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறேன். வெளிநாட்டுச் சோப்பு என்று ஐந்தாம் வகுப்பில் ஒவ்வொருத்தியையும் வரிசையாக மோந்து பார்க்க விட்டிருக்கிறேன். நாற்பத்தேழு வயதில், ஒரு செல்போன் படத்தை நடுவில் நிறுத்திவைத்து, அது புதுக்கோட்டைச் சோப்பு என்று தெரிந்துகொண்டேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தா அந்த ஆறு மாதம் என்ன சாப்பிட்டிருப்பார் என்றுதான் முதலில் தோன்றியது. அம்மாதான் முதலில் சிரித்தார். துப்பட்டியை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "மேலத் தெரு மாமிக்கு அப்பவே தெரியும்டி. மோந்து பாத்த மூஞ்சியிலயே தெரிஞ்சுச்சு. மௌத்தாப் போற வரைக்கும் அவுக யார்கிட்டயும் சொல்லல."

"போடு, போடு" என்று மாமா நாற்காலியைத் திருப்பிப் போட்டார்.

அதன்பிறகு அவர் பார்த்த விதத்தைச் சொல்லி முடியாது. ஹஜ்ரத் வரும்போதெல்லாம் தொடையைத் தட்டினார். பெட்டிக்குள் ஒருவன் தலைகுப்புற விழுகிற காட்சியில் மட்டும், "இத வேணா எடுத்துருக்கலாம்" என்றார். எதற்கு விழுந்தான் என்று தெரிந்ததும், சரி இருக்கட்டும் என்பதுபோல் கையை அசைத்தார். முடிவில் பெட்டியின் உண்மையான சொந்தக்காரர் விராலிமலைப் பக்கத்து ஊரில் கிடைக்கிறார். அவர் வீட்டிலும், எல்லாம் அவர் கொண்டுவந்ததுதான் என்று பொய் சொல்லி, இவர்கள் பெட்டியிலிருந்த சாமான் பூராவையும் தெருவுக்கே பங்கு வைத்திருக்கிறார்கள். டீக்கடையில் ஒரு தாத்தா நம்மவனுடைய புது வாட்ச்சைக் கட்டிக்கொண்டு மணி பார்க்கிறார். மாமா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "எவன்டா இவன், நம்ம வீட்டுக்குள்ள எப்ப வந்து பாத்தான்?" என்று டிவியைப் பார்த்துத் திட்டினார்.

அம்மா, "இன்னொரு தடவ போடு" என்றார்.

போட்டேன். ஆனால் எனக்கு ஆறவில்லை. இருநூறு நாற்காலி இருக்கிற அரங்கத்தில் அம்மா இதைப் பார்த்திருக்க வேண்டும். அந்தச் சிரிப்பு சுவரில் மோதித் திரும்பியிருக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருத்தி இருட்டில் "நல்ல பொம்பள" என்று சொல்வதை அம்மா கேட்டிருக்க வேண்டும். மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்தவரைப் படியில் உட்காரவைத்துத் திருப்பி அனுப்பினார்களே, அந்தப் புதன்கிழமையை யாரிடம் போய்க் கேட்பது?

அடுத்த செவ்வாய்க்கிழமை கவுன்ட்டரில் கூட்டம். மாமாவின் போன். ஏதோ அவசரமாக இருக்கும் என்று எடுத்தேன்.

"குரூப்ல ஒரு வார்த்த போட்டேம்மா. படம் நல்லாருக்கு, தப்பா ஒண்ணுமில்ல, குடும்பத்தோட பாக்கலாம்னு. ரெண்டு நாளா என்னப் புடிச்சுக் கிழிக்கிறானுங்க. காசு வாங்கிட்டியாங்கிறான் ஒருத்தன். பாத்தியாடான்னு கேட்டா, பாக்கணுமாங்கிறான். நீ சொல்லு, ஒரு படத்தப் பாக்காமலே எப்படிம்மா பேசலாம்?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் ஸ்பீடு போஸ்ட் உறையை நீட்டிக்கொண்டு நின்றார். பக்கத்துக் கவுன்ட்டரிலிருந்து தோழி என் முகத்தைப் பார்த்து, என்ன என்று கண்ணாலேயே கேட்டாள்.

"மாமா, ஆள் நிக்கிறாங்க. சாப்பாட்டு நேரத்துல கூப்புடுறேன்."

"கூப்புடு. எனக்கு ஆத்திரமே அடங்க மாட்டேங்குது."

"எனக்கும்தான் மாமா" என்று சொல்லிவிட்டு, உறையை வாங்கி எடை போட்டேன்.